ஆறு வயதுப் பல்

சின்னக் கண்ணாடியொன்றை என் மகளின் வாய்க்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பி, "டீச்சர், இந்தக் கடைசிப் பல்லு எப்ப முளைச்சது?" என்று கேட்டது இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. அக்கராயனில் நான் ஆசிரியையாக இருக்கும் முன்பள்ளிக்கு, ஸ்கூட்டியில் வந்து பிள்ளைகளின் பற்களைப் பார்த்துவிட்டுப் போகும் பற்சிகிச்சையாளர் அவர். ஊருக்கு அவர் பல்லு மிஸ். மகள் அப்போது முதலாம் வகுப்பு. அவளுடைய பல்லில் குறை சொல்ல என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பில், மற்றவர்களும் பார்க்கட்டும் என்றே அன்று அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

எங்கள் வீட்டில் டொபி, மிட்டாய் என்ற சாமானே கிடையாது. யாராவது பிறந்தநாளுக்குக் கொடுத்தாலும் வாங்கி அலுமாரிக்குள் வைத்து எறும்புக்குக் கொடுத்துவிடுவேன். காலையில் மோல்ட் மா கரைத்த பால், பள்ளிக்கூடத்துக்கு உயிர்ச்சத்துச் சேர்த்தது என்று எழுதியிருக்கும் பிஸ்கற், பின்னேரம் பழப்படம் போட்ட யோகட் பானம், படுக்கும்போது திரும்பவும் ஒரு கோப்பை மோல்ட். எல்லாம் சத்துச் சாமான்கள் என்றுதான் நம்பியிருந்தேன்.

அந்தத் திமிரில் ஒரு தாயின் மனத்தையும் நோகடித்திருந்தேன். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். என்னிடம் படித்த பிள்ளையொன்றின் அம்மா. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பது அவர்கள் வழக்கம். பிள்ளையும் காலையில் அப்படித்தான் குடித்துவிட்டு வரும். "பிள்ளையின்ர பல்லைப் பழுதாக்கப் போறியள்," என்று மற்றத் தாய்மாருக்கு முன்னால் சொன்னேன். "சரிங்க டீச்சர்," என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று பல்லு மிஸ் அந்தப் பிள்ளையின் வாயில் ஒரேயொரு கறுப்புப் பொட்டைத்தான் கண்டார். என் மகளுக்கு நாலு பல் சூத்தை.

எல்லோரும் போனபிறகு கதவைச் சாத்திவிட்டுத்தான் என்னிடம் அதைச் சொன்னார். "பாற்பல்லுத்தானே மிஸ், விழுந்திடும்," என்றேன்.

"மூண்டு விழும். கடைசியில நிக்கிறது ஆறு வயசில முளைச்சது. ஒரு பல்லும் விழாமல் பின்னால தானா முளைக்கிறதால எல்லாரும் பாற்பல் எண்டு நினைக்கினம். இது போனா இனி முளைக்காது." சூத்தை ஆழமாக இறங்கியிருந்தால் கழற்றத்தான் வேண்டிவரும் என்றும் சொன்னார்.

பிள்ளை சாப்பிடுகிற பக்கற்றுகள் எல்லாவற்றையும் தன் சிகிச்சை அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். பக்கற்றுகளின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை என்னையே உரத்து வாசிக்க வைத்தார். சீனி, குளுக்கோஸ் பாணி, மோல்ட் சாறு என்று வாசித்துக்கொண்டே போனேன். "எல்லாம் சீனியின்ர சொந்தக்காரர்தான் டீச்சர்," என்று சிரித்தார். பிறகு நாலு கிராமுக்கு ஒரு தேக்கரண்டி என்று, மகளின் ஒருநாள் சீனியைப் பீங்கானில் அள்ளி அள்ளிப் போட்டார். மகள் எட்டிப் பார்த்து, "இவ்வளவத்தையும் நானோ அம்மா சாப்பிட்டனான்?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளையின் உள்ளங்கைச் சீனி மட்டும் நல்லதா என்று கேட்டேன். அப்போதும் எனக்கு வீம்பு போகவில்லை.

"நல்லதெண்டு சொல்லேல்ல. ஆனா, தான் குடுக்கிறது எவ்வளவெண்டு அந்த அம்மாவுக்குக் கண்ணால தெரியுது. அண்டைக்கு அந்தப் பிள்ளையிட்டக் கேட்டனான், ஒருக்கா நக்கிப்போட்டு வாயைக் கொப்பளிக்குது. உங்கட பிள்ளையின்ர பல்லு விடியத் துவங்கிப் படுக்குமட்டும் சீனிக்குள்ள நிக்குது."

மறுநாளே அந்தத் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னங்க டீச்சர், புள்ள நல்லா இருக்கணும்னுதானே சொன்னீங்க," என்றார். அதைக் கேட்டு இன்னும் கூனிக் குறுகிப் போனேன். நான் அவரை எல்லோருக்கும் முன்னால் வைத்துச் சொன்னேன். பல்லு மிஸ் என்னைத் தனியே வைத்துச் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்கே அவருக்கு ஆயுள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மகள் நாலு முறை மிஸ்ஸின் சிகிச்சைக் கதிரையில் ஏறினாள். பயத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மிஸ் அவள் கையிலேயே கண்ணாடியைக் கொடுத்து, "நீங்களே பாத்துச் சொல்லுங்கோ, எங்க துப்பரவாக்க வேணுமெண்டு," என்றார். வாய் திறந்தது. சூத்தையைச் சுரண்டிப் பல்லை அடைத்துவிட்டு, சில மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். மோல்ட்டையும் பிஸ்கற்றையும் நிறுத்தினேன். அவித்த கடலை, மரவள்ளி, சீனி போடாத பால் என்று மாற்றினேன். முதல் கிழமை வீடு முழுக்க அழுகை. ஒவ்வொரு காலையும் அவள் எழும்பியதும் பல் நோகிறதா என்றுதான் கேட்பேன்.

சில மாதம் கழித்து, முல்லைத்தீவுக்கு மாற்றலாகிப் போவதற்கு முதல்நாள் மிஸ் அவளைக் கூப்பிட்டு, அந்தக் கடைசிப் பல்லை மெல்லத் தட்டிப் பார்த்தார். "நோகுதோ?" என்றார். "இல்லை மிஸ்." என்னைவிட அவருக்குத்தான் அன்று கூடச் சந்தோசம்.

மகள் இப்போது பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இந்தப் பொங்கலுக்கு வாங்கிய கரும்பை முற்றத்தில் நின்று அந்தப் பக்கத்துப் பல்லாலேயே கடித்து இழுத்தாள். பிறகு பிடிபட்ட கள்ளியைப் போல என்னைத் திரும்பிப் பார்த்து, "கரும்பும் சீனிதானே அம்மா?" என்றாள். ஓம், சீனிதான். ஆனால் அந்தப் பல் நோகாமல் கடித்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடி பிள்ளை," என்றேன். "நல்லாக் கடி."