எங்கேயும் கிடக்கிற வெள்ளெலி

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் அணிலுக்குச் சரணாலயம் உண்டு. ராஜபாளையம் சாலையோரப் புல்வெளியில் வளை தோண்டி வாழ்ந்த வெள்ளெலிக்கு ஒன்றும் கிடையாது. அரசுக் கணக்கில் அந்த இடத்துக்குப் பெயரே தரிசு. அதை ஜேசிபி விட்டு நிரவி, மனை போட்டு, நுழைவாயிலில் அணில் படமும் வரைந்துவிட்டார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

"இங்க இருந்த வெள்ளெலியெல்லாம் எங்கய்யா போகும்?" என்று மனைத் தரகரிடம் கேட்டேன்.

"எலிக்கா அண்ணாச்சி இந்தக் கவலை? வத்திராயிருப்புப் பக்கம் எம்புட்டோ கெடக்கு."

விலங்கினப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதுவும் அவர் கட்சிதான்: பரவலாகக் காணப்படும், அழியும் ஆபத்தில்லாத இனம்.

மறுவாரம் வத்திராயிருப்புக்குப் போனால், அங்கேயும் புல்வெளியில் ஜேசிபி. "வெள்ளெலி வளை இருக்கு, நிறுத்துய்யா!" என்று கத்தினேன். ஓட்டுநர் சிரித்தார்.

"எலிதானே அண்ணாச்சி! ராஜபாளையம் பக்கம் எம்புட்டோ கெடக்கு."