கன்னியப்பன் வீட்டுக் குழாய்

பைப்பு வியாபாரத்தில் ஒரு சங்கடம் உண்டு: விற்ற சரக்கு மண்ணுக்குள் போய்விடும், அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை அடுத்தவர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி என் காதுக்கு வந்த ஒரு சேதியைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பவில்லை. தூக்கி எறியவும் மனசு வரவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறேன். எனக்கு வயது ஐம்பத்து நாலு. கடையில் என்னோடு இருப்பவர் வேதாசலம். பைப்பைக் கட்டை வண்டியில் ஏற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குகிறவர். அந்தச் சேதி அவர் கொண்டுவந்ததுதான். வீட்டுக் குழாயைத் தானே பழுது பார்க்கக் கிளம்பி, கடைசியில் அதன் வாயில் துணியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, நீங்கள்தான் இதைப் புரிந்துகொள்வீர்கள்.

என்ன அளவு?

ஒரு நாள் காலை கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் தலையிலிருந்து கால் வரை நனைந்து ஓடி வந்தார். ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்ற உட்கார்ந்திருக்கிறார். வால்வை மூட வேண்டும் என்பது குழாயைக் கழற்றிய பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. வால்வோ துருப்பிடித்து அசையவில்லை. ஓட்டையை மனைவியை விட்டு அடைக்கச் சொல்லிவிட்டு இங்கே ஓடி வந்திருக்கிறார்.

"ஒரு பிளக்கு குடு சார், சீக்கிரம்" என்றார். அரை இஞ்சா, முக்கால் இஞ்சா என்று கேட்டேன். தெரியாமல் எதைக் கொடுப்பது? அவர் என் முன்னால் கட்டைவிரலை நீட்டினார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு அதை மடக்கினார்.

"என்து இல்ல சார், என் சம்சாரம் கட்டைவெரலு. அது சரியா அடங்குது, அந்த அளவு குடு!"

இட்லிக் கடைக்காரர்

பிளாஸ்டிக் பைப்பு வந்த புதிதில் எல்லோருக்கும் அதன் மேல் ஓர் ஆசை. சுங்குவார்சத்திரத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவர் இரண்டு பைப்பு வாங்கினார். இரண்டையும் சேர்க்க ஒரு கப்ளிங் வேண்டுமே என்றேன். வேண்டாமாம். ஒரு பைப்பின் வாயை நெருப்பில் காட்டி இளக்கி, இன்னொன்றை அதற்குள் சொருகிவிட்டால் போதுமாம். சொன்னது தப்பில்லை, பக்குவம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டேன்.

அவர் பக்குவம் எல்லாம் இட்லியோடு சரி. அடுப்பிலேயே வைத்துவிட்டார். மறுநாள் கறுத்துச் சுருண்ட முனையோடு பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்டக்டரோடு போட்ட சண்டையின் சூடு முகத்தில் அப்படியே இருந்தது.

"யோவ், நீ குடுத்தது பைப்பா, அப்பளமா?"

படி இறங்கி

எங்கள் பக்கத்தில் தெருவின் கடைசியில் இருக்கிற வீடுகளில் ஒரு வழக்கம். பஞ்சாயத்துத் தண்ணீர் அங்கே போய்ச் சேரும்போது மேலே ஏற அதற்குத் தெம்பு இருக்காது. அதனால் வாசலில் குழி வெட்டி, குழாயைத் தரைக்குக் கீழே வைத்துவிடுவார்கள். குழியில் இறங்கி, குனிந்து, குடத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

எங்கள் கடைக்கு வரும் தையல்காரர் ஒருவர் ஒவ்வொரு கோடையிலும் ஒரு முழத் துண்டுப் பைப்பு வாங்குவார். வெயில் ஏற ஏறத் தண்ணீர் இறங்கும், அவர் குழியும் இறங்கும். கொஞ்சமும் வருத்தம் இல்லாத மனிதர்.

"போன வருசம் ரெண்டு படி, இந்த வருசம் நாலு படி. இப்பிடியே போனா கெணறாயிடும் சார், அப்புறம் ஒங்கிட்ட பைப்பே வாங்க வாணாம்."

எழுபத்திரண்டு தப்படி

கன்னியப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரகடம் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் வீடு. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற வேலை. வீட்டுக்கு இணைப்பு எடுக்க அனுமதி வாங்கியிருந்தார். பைப்பைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னார். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு எழுபத்திரண்டு தப்படி என்று நடந்தே அளந்து வந்திருந்தார்.

அவர் மனைவிக்கு முதுகில் கோளாறு. குடம் தூக்கக் கூடாது, குனியவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். இவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் அந்த அம்மாள் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கெஞ்ச வேண்டும். "நின்ன எடத்துல புடிக்கிற மாதிரி ஒரு கொழா. அது போதும்" என்றார்.

எல்லோரும் அரை இஞ்ச் பைப்புதான் வாங்குவார்கள். நான் முக்கால் இஞ்ச் இரும்புப் பைப்பு போடச் சொன்னேன். தூரம் அதிகம், குறுகலான பைப்பில் தண்ணீர் சோர்ந்துபோகும் என்று விளக்கினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வண்டியில் பைப்பை ஏற்றியபின் திரும்பி வந்து சொன்னார்:

"தண்ணி வரலன்னா ஒன்னிய ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். வூட்டுல அதாண்ட இன்னா சொல்றதுன்னுதான் தெரியல."

வேதாசலம் கொண்டுவந்த சேதி

அந்தப் பேச்சு என்னை ஒரு வாரம் அரித்தது. அகலமான பைப்பு தூரத்துக்கு உதவும், உயரத்துக்கு உதவாது. தண்ணீர் எந்த மட்டம் வரைக்கும் ஏறுமோ அதுவரைக்கும்தான் ஏறும். நான் தூரத்தைக் கேட்டேன். அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று கேட்கவே இல்லை.

மறு வாரம் அந்தப் பக்கம் சிமென்ட் இறக்கப் போன வேதாசலத்திடம் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தவர் மாட்டை அவிழ்ப்பதற்கு முன்பே சத்தம் போட்டுச் சொன்னார். எனக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. ஆனால் வேதாசலத்தை உங்களுக்குத் தெரியாது. யார் மனசையும் நோகவிடாதவர். ஒரு முறை வண்டி சாய்ந்து பைப்பு எல்லாம் ஏரியில் விழுந்தபோதுகூட, வாங்கினவரிடம் "கழுவி எடுத்தாந்திருக்கேன்" என்றவர். அன்று அவர் சொன்னது இதுதான்:

"வாத்யாரே, கொடம் நெறைஞ்சி வழியுது! அந்தம்மா சிரிச்சிகினு கீது!"

இரண்டு எல்போ

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக வாலாஜாபாத் போயிருந்தேன். கடையை வேதாசலம் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்ததும், கன்னியப்பன் வந்து, பைப்பை வளைத்துத் திருப்புகிற எல்போ இரண்டும் ஒரு முழத் துண்டுப் பைப்பும் வாங்கிப் போனதாகச் சொன்னார்.

குடம் வழிகிற வீட்டுக்கு இரண்டு எல்போ எதற்கு? அடுப்படிக்குள் இன்னொரு குழாய் வைக்க எடுத்துப் போயிருக்கலாம். குழிக்குள் குழாயை இறக்குவதற்கும் அதே இரண்டு எல்போதான் வேண்டும், அதே ஒரு முழம்தான் வேண்டும். எல்போ மேலேயும் திரும்பும், கீழேயும் திரும்பும். எதற்கு என்று கேட்டாயா என்றேன் வேதாசலத்திடம்.

"கேக்கல வாத்யாரே. எதுக்கு இன்னான்னு கேட்டுகினே இருந்தா வாங்க வந்தவன் பூடுவான்."

சைக்கிளில் பாதி தூரம்

போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரை வரைக்கும் போய், காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த அம்மாள் குழிக்குள் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டால்? கொஞ்ச நாளில் கன்னியப்பன் வீட்டை விற்றுவிட்டு, கம்பெனிக்குப் பக்கத்திலேயே குடிபோய்விட்டார். வாங்கியவர்கள் அதை இடித்துக் கட்டிவிட்டார்கள்.

அதிலிருந்து ஒன்று மட்டும் விடாமல் செய்கிறேன். யார் பைப்பு கேட்டாலும், குழாய் எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று முதலில் கேட்டுவிடுவேன். காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் தெருக் குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, கையால் தூக்கிப் பிடித்து, எந்த உயரத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அதன் பிறகு என் பைப்பைத் திட்டிக்கொண்டு யாரும் வந்ததில்லை. அந்த வகையில் எனக்குத் திருப்திதான். ஒருவர் மட்டும் அலுத்துக்கொண்டார்:

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இத்தினி கேள்வி கேக்கல சார்."

இன்றைக்கு வந்தவர்

இன்று காலை ஒருவர் வந்தார். அவரும் அதே ஏரிக்கரைத் தெரு, கன்னியப்பன் வீட்டுக்கு அடுத்த மனை. அவர் மாமியாருக்கு முட்டி மடங்காது, படி இறங்க முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் வேதாசலம் முந்திக்கொண்டார். "கவலையே படாத நைனா. கன்னியப்பன் வூட்டுக்கு வாத்யார் சொன்ன பைப்புலதான் கொடம் நெறைஞ்சி வழிஞ்சிது. முக்கால் இஞ்சி போடு!" வந்தவர் முகம் மலர்ந்துபோயிற்று. நான் ரப்பர் டியூபைப் பற்றி ஆரம்பித்ததும், அதெல்லாம் எதற்கு, உங்கள் பேச்சே போதும் என்றார். அவரை பெஞ்சில் உட்காரவைத்து டீ சொல்லிவிட்டு, வேதாசலத்தைப் பைப்பு அடுக்கியிருக்கும் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

குழாய் எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று ஊரையே நிற்கவைத்துக் கேட்டவன், நேரில் பார்த்துவிட்டு வந்தவரிடம் அதைக் கேட்க இத்தனை வருஷம் ஆனது: "வேதாசலம், சத்தியமாகச் சொல்லுய்யா, அன்றைக்கு அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தபோது குழாய் அவள் இடுப்புக்கு நேராக இருந்ததா, காலுக்குக் கீழே இருந்ததா?"