ஆளுக்கொரு கட்டப்படம்

நான் எழுதிய புரோகிராம்களில் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நான் எழுதியிருக்கவே கூடாது.

இரண்டாயிரங்களின் பின்பாதி அது. விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சென்னைக்குப் போகிற தைரியம் இல்லாமல், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி ஆபீஸில் சேர்ந்திருந்தேன். ஆர்டர் டைப் அடிப்பது, லோடு லாரிக்கு பில் போடுவது, பிரிண்டர் மக்கர் பண்ணினால் அதன் தலையில் தட்டுவது, இவ்வளவுதான் வேலை. படித்த படிப்புக்கு இதுவா என்ற கடுப்பு உள்ளே கிடந்து புகைந்துகொண்டே இருந்தது.

அந்த வருஷம் சீசனுக்கு முன்னால், வேலை செய்கிற எல்லோருக்கும் கார்டு இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளிக்கு போட்டோ எடுப்பதில் இஷ்டமில்லை. அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினால் அரை நாள் வேலை கெடும் என்றார். உண்மைக் காரணம் வேறு. லைசென்ஸில் சொன்னதைவிட ஆட்கள் அதிகம். முகத்தோடு கார்டு இருந்தால் அந்த ஆள் அங்கே இருந்ததற்கு அதுவே சாட்சி ஆகிவிடும். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் என் வித்தையைக் காட்டினேன்.

இன்டர்நெட்டில் அப்போது புதிதாக ஒன்று வந்திருந்தது. தன் போட்டோவைப் போடாதவர்களுக்கு, அவர்கள் பெயரை வைத்துக் கம்ப்யூட்டரே ஒரு படம் போட்டுக் கொடுக்கும். நானும் அதே மாதிரி எழுதினேன். பெயரையும் டோக்கன் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தால், புரோகிராம் அதை அரைத்து நீளமான ஓர் எண்ணாக்கும். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் எந்தெந்தக் கட்டத்தை நிரப்புவது, என்ன நிறம் என்பதை அந்த எண் முடிவு செய்யும். இடது பக்கம் எப்படியோ அப்படியே வலது பக்கம். எங்கள் கம்பெனியில் ஒருவருக்கு வந்த படம் இன்னொருவருக்கு வரவில்லை. சரிபார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.

முதலாளியிடம் இதற்கு ஒரு நியாயமும் சொல்லி வைத்திருந்தேன். எல்லாக் கார்டும் கேட்டில் ஒரு போர்டில் தொங்கும். காலையில் அவரவர் கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும். பலருக்கு எழுத்துத் தெரியாது. படம் இருந்தால் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள் என்றேன். அப்படித்தான் நடந்தது. ஒருத்தி தன் படத்தை நண்டு என்றாள், ஒருத்தி கிணறு என்றாள். நான்கு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் ரூமில் வேலை செய்த ஒருத்திக்கு மட்டும் படம் வாய் அகன்ற தவளை மாதிரி வந்துவிட்டது. பச்சை நிறம் வேறு. அவள் ஊரிலிருந்து வேனில் வருகிறவள் அவள் ஒருத்திதான். சேர்ந்து சண்டைபோட ஆள் கிடையாது. ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

“தம்பி, இத மட்டும் மாத்திக் குடுங்களேன். வேன்ல ஏறுனாலே தவக்கா வந்துட்டான்னு சிரிக்காளுக. வேலைக்கு வரவே புடிக்கல.”

பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள், படமும் மாறும் என்று சிரித்து அனுப்பிவிட்டேன். பெயருக்குப் பின்னால் சும்மா ஒரு புள்ளி வைத்திருந்தால் போதும், முழுப் படமும் வேறாக வந்திருக்கும். இரண்டு நிமிஷ வேலை. என் புரோகிராம் போட்டதை இவளுக்காகத் திருத்துவதா என்ற திமிர்தான் எனக்கு.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன். நடந்தது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அதே ரூமில் அச்சங்குளத்துக்காரி ஒருத்தி இருந்தாள், எதற்கும் சிரிக்கிறவள். தவக்காவை எனக்குக் கொடு, என் மகன் பார்த்தால் சந்தோஷப்படுவான் என்று சொல்லி, தன் கார்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவள் கார்டை மாட்டிக்கொண்டாள். முகம் இருக்கிற கார்டை யாரும் அப்படி மாற்றிக்கொள்ள முடியாது.

ஆடி மாசம், முற்பகல். சத்தம் கேட்கும்முன் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி என் மடியில் விழுந்தது. வெளியே வந்து பார்த்தபோது மருந்து ரூம் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. பெண்கள் கரிசல் காட்டுக்குள் நாலாபக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வந்தால் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்தில் பலர் கிடைத்த வண்டியில் ஏறி ஊருக்கே போய்விட்டார்கள்.

ஒரு பெண் இறந்திருந்தாள். முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. மருந்து ரூமுக்குப் போகிறவர்கள் உராய்வுக்குப் பயந்து வளையல், மெட்டிகூடப் போடுவதில்லை. கழுத்தில் உருகி ஒட்டியிருந்த கார்டில் பெயர் இருந்த பாதி போய், படம் இருந்த பாதி மட்டும் மீதி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாப் படங்களும் பெயரோடு அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு போனேன். தாளைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. பச்சைத் தவளை.

தவளைப் படத்துக்காரியின் புருஷனை வரவழைத்தார்கள். அவர் துணியை விலக்கிக் காலை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாதம் அவ பாதம் மாதிரி இல்லீகளே.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் புருஷனிடம் சொன்னேன், “மாறவே மாறாதுண்ணே. இந்தப் படம் ஒருத்தருக்குத்தான் வரும்.”

கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்றால் அவர் என்ன செய்வார். காகிதத்தில் விரல் ரேகை வைத்தார். வேனில் வந்த பெண்களில் ஒருத்தியைக் கேட்டிருந்தால் கார்டு மாறியதைச் சொல்லியிருப்பாள். கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் சாத்தூர்ப் பக்கம் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், கையில் தீக்காயம், காது அடைத்துப்போய் எதைக் கேட்டாலும் விழிக்கிறாள், கார்டைப் பார்த்துப் பெயர் சொல்கிறோம் என்றார்கள். அச்சங்குளத்துக்காரியின் பெயர். அவள் புருஷன் செய்தி கேட்டதிலிருந்து ஆஸ்பத்திரி வளாகத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். நானே ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். பயப்பட ஒன்றுமில்லை, கையில்தான் காயம், வீட்டுக்குப் போய்ப் பையனையும் கூட்டிக்கொண்டு நிதானமாகப் போங்கள் என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு ஒரு நல்ல காரியமாவது செய்தோம் என்று நினைத்தேன்.

உடம்பு இருந்த நிலைமையில் வைத்திருக்க முடியாது என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட்டார்கள். தவளைப் படத்துக்காரியின் ஊரில், அவள் புருஷன் கையால், அவள் என்று சொல்லி எரித்தார்கள்.

சிதை எரிந்துகொண்டிருக்கும்போது சாத்தூர் வார்டில் லோடுமேன் மகனோடு கட்டிலுக்குக் கட்டில் தேடியிருக்கிறார். தன் மனைவியின் கார்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேறொருத்தி படுத்திருந்தாள். அவரைக் கண்டதும், காது கேட்காமலே, அவள் பெருங்குரலெடுத்து அழுதாளாம். அவர் திரும்பி அந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல்தான் இருந்தது.

நான் வேலையை விட்டேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார்டு மாறியதற்குக் கம்ப்யூட்டர்காரப் பையன் என்ன செய்வான் என்று முதலாளி எனக்குப் பரிந்துகூடப் பேசினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு அச்சங்குளம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உட்காருங்க தம்பி என்றார். மொட்டையடித்த ஆறு வயதுப் பையன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். சொம்பை வாங்கிக்கொண்டேன். அவர்தான் பேசினார்.

“கொள்ளி வைக்க வேண்டியவன் இவன். அந்நேரத்துக்கு இவன் பஸ்ல இருக்கான் தம்பி. கையில காயம்னு நீங்க சொன்னீகல்ல, அம்மாவுக்கு நான்தான் ஊட்டுவேன்னு சோத்து வாளிய மடியில வச்சுக்கிட்டு, யாரையும் தொட விடாம.”

பையன் சொம்பைத் திரும்ப வாங்குவதற்காக என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.