இடிந்த கோட்டையைத் தேடி ஒரு நடை, பின்னாலேயே ஓர் ஆட்டோ

போன டிசம்பர் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை காலையில், மட்டாஞ்சேரியில் தொடங்கி ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் முடியும் ஒரு நடைக்குப் போய் வந்தேன். பழைய கோட்டையின் மிச்சம் எங்கெங்கே இருக்கிறது என்று வழிகாட்டியோடு தேடிக்கொண்டே போவது, நடுநடுவே உள்ளூர்ச் சாப்பாடு. மூன்று மணி நேரம், சுமார் மூன்றரை கிலோமீட்டர். என்னோடு வந்தவள் என் மகள் தாரிணி, வயது இரண்டே கால். சின்னக் குழந்தையோடு இதற்குப் போகலாமா என்று நான் இணையத்தில் தேடியபோது ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் தாரிணிக்குக் காய்ச்சல் வந்து, அதோடு வலிப்பும் வந்தது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. சில குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது இப்படி வரும், வளர வளரப் போய்விடும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அவர் அறையை விட்டு நான் வெளியே வரும்வரை நம்பினேன். அதற்கப்புறம் இரண்டரை மாதம் நாங்கள் போன இடங்கள் இரண்டுதான்: வீடு, கிளினிக். சொந்தத்தில் இரண்டு கல்யாணங்களுக்குப் போகவில்லை. தெருமுனைப் பூங்காவுக்குக்கூடப் போகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் கார்த்தி திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் இருக்கிறார். வல்லார்பாடம் துறைமுகத்தில் அவருக்கு ஒருநாள் வேலை வந்தது. "நீயும் கிளம்பு. இல்லீன்னா இவ காலேஜ் போற வரைக்கும் நாம ஊட்டுக்குள்ளயேதான் இருப்போம்" என்றார். கேலிதான், ஆனால் சுருக்கென்றது. கிளம்பினேன்.

திருப்பூரிலிருந்து எர்ணாகுளம் ரயிலில் நாலரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரிக்கு டாக்சியில் நாற்பது நிமிடம், 380 ரூபாய். தங்கியது ஒரு வீட்டின் மாடி அறை, இரவுக்கு 1,900, காலைச் சாப்பாடு சேர்த்து. தெருவெல்லாம் கிறிஸ்துமஸ் காகித நட்சத்திரங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. தாரிணி ஒவ்வொன்றாக எண்ணினாள். அவளுக்கு மூன்றுக்கு மேல் தெரியாது, அதனால் மறுபடி மறுபடி மூன்று.

சனிக்கிழமை காலை ஆறே காலுக்கே கார்த்தி படகுத்துறைக்குப் போய்விட்டார். நான் குழந்தையைத் தயார் செய்தேன். உள்ளே பனியன், மேலே முழுக்கை சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், தலையில் கன்னம்வரை மூடும் கம்பளிக் குல்லா. மார்கழிக் காலையில், அதுவும் கடற்கரைக்கு, காதை மூடாமல் குழந்தையைத் தூக்கிப் போகிற தமிழ்த் தாய் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பையில் வெப்பமானி, காய்ச்சல் மருந்து, டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு, மாற்றுத்துணி மூன்று செட். இதெல்லாம் போதாதென்று எனக்கு இன்னொரு யோசனையும் வந்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன்.

வரிசையில் முதல் ஆட்டோ அஷ்ரஃபுடையது. அறுபதை நெருங்குகிறவர். எல்லாரும் இக்கா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"எவிடே போணும் மோளே?"

"எங்கயும் இல்லீங்க. என் பின்னாடியே வரணும்."

அவர் என்னைப் பார்த்தார், குல்லாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் விவரம் சொன்னேன்: நடந்து போவோம், குழந்தைக்கு ஏதாவது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு அறுநூறு என்று முடிவானது. கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால்கூட இவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை என்று பிற்பாடு சொன்னார்.

ஏழு மணிக்கு மட்டாஞ்சேரி அரண்மனை வாசலில் ஒன்பது பேர் கூடினோம். வழிகாட்டி ரேஷ்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்தது. மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. வீட்டில் தமிழ்தான், எழுதப் படிக்க மட்டும் மலையாளம்தான் வரும் என்றார். குளிர்கால நடை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களே என்று கேட்டேன். காலையில் இருபத்துநான்கு டிகிரி, கொச்சிக்கு இதுதான் குளிர், இதற்கு மேல் குளிர்ந்தால் எங்களுக்கே தாங்காது என்று சிரித்தார். கட்டணம் தலைக்கு எழுநூறு, சாப்பாடு உட்பட. குழந்தைகளுக்கு இலவசம்.

அங்கிருந்து பஜார் ரோடு. பழைய மிளகு, சுக்குக் கிடங்குகள் இரண்டு பக்கமும். கதவு மூடியிருந்தாலும் வாசனை வெளியே வந்து நிற்கிறது. ஒரு சின்னக் கடையில் சுக்குக் காப்பியும், மாவில் தோய்த்துப் பொரித்த நேந்திரம்பழமும். பழம்பொரியை நான் ஊதி ஊதிப் பிய்த்துக் கொடுத்தேன், தாரிணி மூன்று துண்டு சாப்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன். பத்தடி பின்னால் ஆட்டோ, உள்ளே இக்கா, கையில் சாயா. கூட வந்த ஒரு பெங்களூர் தம்பதி, அது யாருடைய ஆட்டோ என்று ரகசியமாக ரேஷ்மாவிடம் கேட்டார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் திருப்பி அனுப்பும் அளவுக்கு இல்லை.

கல்வத்தி வாய்க்காலைத் தாண்டியதும் கோட்டைப் பேச்சு தொடங்கியது. போர்ச்சுக்கீசியர் கட்டியது, டச்சுக்காரர்கள் பிடித்துச் சின்னதாக்கியது, ஆங்கிலேயர்கள் வந்து இடித்தது. ரேஷ்மா எங்களைத் தெருவின் நடுவில் நிறுத்தி, இப்போது நீங்கள் மதிலின் மேல் நிற்கிறீர்கள் என்றார். எல்லாரும் குனிந்து காலடியைப் பார்த்தோம். தார் ரோடுதான் இருந்தது. ஆனாலும் எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

அங்கேதான் தாரிணி என் தோளில் சாய்ந்தாள். அவள் சாய்கிற பெண் இல்லை. கழுத்தில் கை வைத்தேன். கொதித்தது. கன்னம் சிவந்திருந்தது, கண் சொருகுகிற மாதிரி இருந்தது. அக்டோபரிலும் இப்படித்தான் தொடங்கியது. ரேஷ்மா பேசிக்கொண்டே இருந்தார், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஓடிப்போய் ஆட்டோவில் ஏறி, ஆஸ்பத்திரி என்றேன். அதைக்கூடச் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை.

இக்கா வண்டியைக் கிளப்பவில்லை. திரும்பிக் குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"மோளே, நீ முதல்ல ஆ தொப்பி ஊரு. ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப்போவில்லா."

குல்லாவைக் கழற்றச் சொல்கிறார் என்று புரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அதற்குள் ரேஷ்மா ஓடிவந்து குல்லாவின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். உள்ளே முடி குளித்த மாதிரி நனைந்திருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினோம், முழுக்கை சட்டையைக் கழற்றினோம். பனியன் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ரேஷ்மா தன் துப்பட்டாவால் துடைத்தார். கொஞ்சம் ஆறவிட்டு வெப்பமானியை அக்குளில் வைத்தேன். அது கீச்சென்று கத்துவதற்குள் எனக்கு எத்தனை சாமி நினைவுக்கு வந்ததென்று சொல்ல முடியாது.

98.2.

நம்பாமல் இன்னொரு முறை வைத்தேன். அதேதான். அதற்குள் காற்றுப்பட்ட தாரிணி நிமிர்ந்து உட்கார்ந்து, ஆட்டோவின் ஹாரனை அமுக்கிவிட்டாள். எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேரளத்தில ஸ்வெட்டர் விக்கிற கடை எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. நீங்க எங்கேந்து கொண்டுவந்தீங்க?" என்று ரேஷ்மா கேட்டார். சிரிக்க ஆரம்பித்தேன், அப்படியே அழுகையும் வந்துவிட்டது. பெங்களூர்க்காரப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

அடுத்து ஒரு பேக்கரி. ப்ரூதர் என்று ஒரு ரொட்டி, டச்சுக்காரர்கள் காலத்திலிருந்து இந்த ஊரில் சுடுகிறார்களாம். வட்டமாக, லேசான இனிப்போடு, உள்ளே உலர் திராட்சை. வாழைப்பழத்தோடு சாப்பிட வேண்டும். கோட்டையை இடித்தவர்களால் ரொட்டியை ஒன்றும் செய்ய முடியவில்லை என்றார் ரேஷ்மா. ஒவ்வொரு நடையிலும் சொல்லும் ஜோக் என்பது தெரிந்தது, நன்றாகவும் இருந்தது. இக்காவையும் உள்ளே கூப்பிட்டோம். முப்பது வருஷமாக இந்தத் தெருவில் வண்டி ஓட்டுகிறேன், கோட்டைக் கதையை யாரும் எனக்கு முழுசாகச் சொன்னதில்லை என்றார். "அப்போ டிக்கெட் எடுங்க இக்கா" என்றார் ரேஷ்மா. அவர் வண்டியைப் பூட்டிவிட்டு எங்களோடு நடந்தார்.

கடற்கரையில் குலுக்கி சர்பத். எலுமிச்சை, பச்சைமிளகாய், சப்ஜா விதை எல்லாம் போட்டு, டம்ளரை மூடி, காதருகே வைத்துக் குலுக்குகிறார்கள். அதைக் குடித்துக்கொண்டேதான் கோட்டையைப் பார்த்தோம். இடுப்பளவு உயரத்தில் செம்புரைக்கல் சுவரின் ஒரு துண்டு, பாசி பிடித்து, அலை வந்து அடிக்க அடிக்க. இவ்வளவுதான் என்றார் ரேஷ்மா. எல்லாரும் சிரித்துவிட்டோம். தாரிணிக்கு மட்டும் ஏமாற்றமே இல்லை. பனியனோடு, வெறுங்காலோடு, ஈர மணலில் உட்கார்ந்து எழுந்தாள், விழுந்தாள், மறுபடி ஓடினாள். அலை முழங்காலைத் தொட்டபோது கத்திய கத்தலை நான் அதுவரை கேட்டதில்லை, முழுக்க முழுக்கச் சந்தோஷம். அவள் கையை நான் பிடித்திருந்தேன், ஆனால் இழுக்கவில்லை. ஆட்டோ அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்பது பத்து மணிக்கு எல்லாரும் கிளம்பியபோதுதான் எனக்கு உறைத்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நிமிர்ந்து நிற்கிற கோட்டை வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், ஏழு மணி நடையைத் தேர்ந்தெடுங்கள். பஜார் ரோட்டில் நடைபாதை இல்லாத இடங்கள் நிறைய, தள்ளுவண்டி உதவாது, தூக்கித்தான் போக வேண்டும். குழந்தைக்கு மெல்லிய பருத்தித் துணி, ஒரு துண்டு, தண்ணீர். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்பத்தில் மிளகாய் வேண்டாமென்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இதை ஜனவரியிலேயே எழுதியிருப்பேன். திரும்பி வந்த பத்தாம் நாள் தாரிணிக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது, 101.4. கடல் காற்றுதான் காரணம் என்றார் மாமியார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் இருக்கிறது, இது ஊரெல்லாம் சுற்றும் சளிக்காய்ச்சல் என்றார் டாக்டர். மருந்து கொடுத்து, ஈரத்துணியால் துடைத்து, இரண்டு நாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வலிப்பு வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

பிப்ரவரியில் தரங்கம்பாடிக்கு மூன்று டிக்கெட் போட்டு வைத்திருந்தோம். அங்கே கோட்டை முழுசாக நிற்கிறதாம். இரண்டாம் நாள் சாயங்காலம், காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தபோது, கார்த்தி மெதுவாகக் கேட்டார், கேன்சல் பண்ணட்டுமா என்று. நான் தாரிணியின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே, வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.