கண்ணாடியைக் கழற்றிய டெலிபோன்காரர்

எங்கள் டவுன் தபால் கந்தோரில் டெலிபோன் இணைப்புக் கொடுப்பவரை நான் நம்பியதே இல்லை. தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவனான நான் அங்கிருந்துதான் அட்டனிலுள்ள சங்கத் தலைமைக் காரியாலயத்தோடு பேசுவேன். பேசியது மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்திருக்கும்.

ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. தலையில் மாட்டிய ஹெட்போனைக் காதில் வைக்காமல் மேலே தள்ளியே வைத்திருப்பார். ஒட்டுக்கேட்காதது போல நடிப்பு என்று நினைத்து, ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கண்ணாடியோட மாட்டினா கம்பி காதுக்குப் பின்னால அழுத்துதுங்க தலைவரே, தலை வெடிச்சிரும். கண்ணாடி இல்லாட்டி வயர எந்த ஓட்டையில சொருகுறதுன்னு தெரியாது. பேச்சக் கேக்கணும்னாதான் கண்ணாடியக் கழட்டணும்."

"என் பேச்சக் கேக்குறீங்களா?"

அவர் குனிந்து வயரைச் சொருகினார்.

வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்ததும் அட்டனுக்குச் சொல்லப் போனேன். டெலிபோன் கூண்டுக்குள் வழக்கமாகச் சுவரைப் பார்த்துப் பேசுபவன், அன்று அவரைப் பார்த்து நின்றேன். இணைப்பைக் கொடுத்துவிட்டு அவரும் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்து, ஹெட்போனைக் காதுக்கு இறக்கினார்.

"இங்க நல்ல மழைங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். செய்தியை பஸ்ஸில் நானே கொண்டுபோனேன். அந்த முறை துரைக்கு எதுவும் தெரியவில்லை.

நன்றி சொல்லலாம் என்று பிறகு இரண்டு முறை போனேன். மற்ற நாட்களில் கேட்டவரும் இவர்தானே என்று தோன்றவே, முத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.