பீடிகைக்கு வாங்கிய பாண்டான் கேக்கு

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அப்போது நான் ஆசிரியர் பயிற்சியின் கடைசிப் பருவத்தில் இருந்தேன். பயிற்றுப்பணிக்காக மலாக்காவில் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டப் பள்ளியாம். நான் போனபோது சுற்றிலும் தொழிற்சாலைகள், தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். எனக்குக் கொடுத்தது இரண்டாம் ஆண்டு கணிதம். வகுப்பில் மொத்தமே எட்டுப் பிள்ளைகள்தான். எட்டுப் பேர்தானே என்று நினைத்துவிடாதீர்கள், எண்பது பேர் சத்தம் வரும்.

எங்கள் தொழிலில் பீடிகை என்று ஒன்று உண்டு. பாடம் தொடங்கும் முதல் ஐந்து நிமிடம். பாட்டோ, படமோ, புதிரோ காட்டிப் பிள்ளைகளின் மனத்தை அன்றைய தலைப்புக்கு இழுத்து வர வேண்டும். கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருக்கும். எனக்கு அதுதான் எமனாக வந்து வாய்த்தது.

எங்களை மதிப்பிட வந்த விரிவுரையாளர் கண்டிப்புக்குப் பேர் போன ஒரு மேடம். முதல் தடவை அவர் வந்தபோது எண்கள் பாட்டு ஒன்றைத் திரையில் ஓடவிட்டேன். பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஆடியதில் பாடமே கரைந்து போனது. இரண்டாம் தடவை கழித்தலுக்குக் காகித மீன்கள் செய்துகொண்டு போனேன். மீனுக்கு அடிதடி. முடிந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பீடிகை நல்லாத்தான் இருக்கு. கணக்கு எங்கம்மா?" என்று கேட்டார். "அடுத்த தடவையும் இப்படின்னா பாஸ் போட முடியாது" என்றும் சொல்லிவிட்டார்.

தோற்றால் பயிற்றுப்பணியை முதலிலிருந்து செய்ய வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்பாவுக்குச் சுங்கை ஊடாங்கில் இருந்த கான்ட்ராக்ட் வேலை முடிந்து அவர் வீட்டோடு இருந்த சமயம் அது. தம்பி இன்னும் படித்துக்கொண்டிருந்தான். வீடே என் வேலையைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகையில்லை.

கடைசி மதிப்பீட்டுக்கு வந்த தலைப்பு பின்னம். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பச்சையாக, மணமாக இருக்குமே பாண்டான் இலைக் கேக்கு, அதில் சதுரமாக ஒன்று வாங்கிப் போவது. நடுவில் வெட்டினால் அரை, இன்னொரு தடவை வெட்டினால் கால். ஐந்தே நிமிடம், பளிச்சென்று முடிந்துவிடும். இப்படி ஒரு பீடிகை உலகத்திலேயே இல்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மோட்டார்சைக்கிள் கூடையில் பெட்டியை வைத்துக் கட்டி, குழி வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளாத குறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். விரிவுரையாளர் கடைசியில் இருந்த குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நான் பெட்டியைத் திறந்தேன்.

எட்டுத் தலையும் பெட்டிப் பக்கம் திரும்பின.

"ஏய், பெர்த்டே லா!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். ஒருவன் ஓடிப்போய் விளக்கை அணைத்தான். இரண்டு பேர் சன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. விஷயம் என்னவென்றால், அந்தப் பள்ளியில் வகுப்புக்குள் கேக்கு வந்தால் அது பிறந்தநாளுக்கு மட்டும்தான். பெற்றோர் வாங்கி வருவார்கள், விளக்கை அணைத்துப் பாடுவார்கள், பிறந்தநாள் பிள்ளை வெட்டி எல்லாருக்கும் ஊட்டிவிடும். இத்தனை வாரம் அங்கே இருந்தும், கேக்கைக் கையில் எடுத்தபோது எனக்கு அது புத்தியில் படவில்லை.

"உக்காருங்க, உக்காருங்க! இது பெர்த்டே..." என்று ஆரம்பித்தேன். "இல்ல" என்ற சொல் வாயிலேயே நின்றுவிட்டது.

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை. கேட்டால் ஒழிய வாய் திறக்காதவள். அவள் மட்டும் ஓடி வராமல் தன் இடத்திலேயே எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லயே!"

ஐயோ, அன்றைக்கு அவளுக்கு நிசமாகவே பிறந்தநாள்.

"இது கணக்குக்குக் கொண்டு வந்ததும்மா" என்று சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? சொல்லாமல் விட்டால் என் பாடம் என்ன ஆகும்? பின்னால் பேனாவோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஐந்து நிமிடத்தில் பாதி போய்விட்டது. வாயைத் திறக்கிறேன், மூடுகிறேன், சத்தம் வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் விரிவுரையாளர்! பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டே பிறந்தநாள் பாட்டைத் தொடங்கிவிட்டார். சுதி சுத்தமாக இல்லை. ஆனால் அதைவிட இனிமையான குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். நானும் பாடினேன்.

பாட்டு முடிந்ததும் அவள் பிளாஸ்டிக் கத்தியால் ஒரு மூலையைக் கொழுத்த துண்டாக வெட்டி என் வாய்ப் பக்கம் கொண்டு வந்தாள்.

"ஆ காட்டுங்க டீச்சர்."

நான் ஆவென்று வாயைத் திறந்தேன்.

"டீச்சர், சாப்பிடாதீங்க!" மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன் அலறினான். "அவ்ளோ பெருசா வெட்டுனா எங்களுக்கெல்லாம் பத்துமா? ஞாயமே இல்ல லா!"

திறந்த வாய் திறந்தபடியே இருக்க, நான் அப்படியே நின்றேன். ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். பிறந்தநாள்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. துண்டைக் கையில் பிடித்தபடி அவனையே கேட்டாள்.

"அப்ப எப்படி வெட்றது?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி வெட்டு!"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பின்னத்துக்கு அடிப்படையே சம பாகம்தான். அதைப் புரியவைக்க நான் வண்ண வண்ணமாகப் படங்கள் தயாரித்து வைத்திருந்தேன். இவர்கள் அதைத் தாங்களாகவே சொல்லிவிட்டார்கள், அதுவும் வயிற்றெரிச்சலோடு! என் தயாரிப்பை எல்லாம் மனத்துக்குள்ளேயே மூட்டை கட்டிவிட்டு, அந்தத் துண்டை வாங்கிக் கேக்கின் மூலையில் பழையபடி பொருத்தினேன்.

"சரி, கேக்கு ஒண்ணுதான், நீங்க எட்டுப் பேரு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கணும். கேக்குல கை வைக்கறதுக்கு முன்னாடி தாள்ல வெட்டிக் காட்டுங்க பாப்போம்" என்று சொல்லி ஆளுக்கொரு சதுரத் தாள் கொடுத்தேன்.

அந்த வகுப்பில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு மடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள். கண்ணாடிக்காரன் நீள நீளமாக வெட்டிக்கொண்டே போய், கடைசித் துண்டு நூல் மாதிரி வந்து நின்றது. "இது யாருக்குடா?" என்று கேட்டேன். "உனக்குத்தான்!" என்று எல்லாரும் அவனையே காட்டினார்கள். அவனே சிரித்துவிட்டான். பிறந்தநாள்காரி தாளைப் பாதியாக மடித்தாள், அதைப் பாதியாக்கினாள், அதையும் பாதியாக்கினாள். விரித்துப் பார்த்தால் எட்டும் ஒரே அளவு. அரை எது, கால் எது, எட்டில் ஒன்று எது என்று அந்த மடிப்புகளிலேயே விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். ஒருவர் தப்பாகக் காட்டினால் ஏழு பேர் திருத்தினார்கள். தன் பங்கு அல்லவா!

பிறகு அந்தத் தாளை அளவாக வைத்துக் கேக்கை வெட்டினோம். ஒட்ட வைத்த மூலை மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. "பரவால்ல, அத எனக்குக் குடு. நான்தான கத்துனேன்" என்று கண்ணாடிக்காரன் வாங்கிக்கொண்டான்.

அவள் தன் துண்டைப் பாதியாக்கி, நேராக விரிவுரையாளரிடம் போனாள். மதிப்பிட வருகிறவர் பாடத்துக்குள் வரக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி. அதைத்தான் அவர் கைதட்டியபோதே மீறிவிட்டாரே.

"இது எவ்வளவும்மா?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எட்டுல ஒண்ணு இருக்குல்ல, அதுல பாதி."

அவர் மறுபேச்சுப் பேசாமல் வாயைத் திறந்தார்.

பிறகு சிற்றுண்டிச்சாலையில் என்னை எதிரே உட்காரவைத்து, "பீடிகை ரொம்ப நேரம் போயிருச்சு. அதுக்கு மார்க்கு வெட்டியாச்சு" என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். "பாஸ்தாம்மா. முழிக்காத. இன்னிக்குக் கணக்கு இருந்துச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க மட்டும் கைதட்டலன்னா, அந்தப் புள்ளகிட்ட இல்லன்னு சொல்லியிருப்பேன் மேடம்" என்றேன்.

"சொல்லியிருக்க மாட்ட. அங்கயே நின்னு முழிச்சிக்கிட்டு இருந்திருப்ப. டைம்தான் வேஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

பள்ளி விட்டதும் அவள் அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு மோட்டாரில் வந்தார். மகள் ஓடிப்போய்க் கதையைக் கொட்டினாள். அவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தார்.

"டீச்சர், காலையில சிஃப்டுக்கு ஓடுற அவசரத்துல இவளுக்கு வாழ்த்துச் சொல்லக்கூட மறந்துட்டேன். பெக்டரில போய்த்தான் ஞாபகம் வந்துச்சு. அழுகையே வந்துருச்சு. அவங்க அப்பா சிங்கப்பூர்ல இருக்காரு, ஞாயித்துக்கிழமதான் வருவாரு. பெத்த நானே மறந்தத நீங்க எப்படி டீச்சர் ஞாபகம் வச்சிருந்தீங்க?"

பிள்ளையிடம் மறைக்கலாம், அவரிடம் எப்படி மறைப்பது? குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குத் தெரியாதுக்கா. பாடத்துக்காகத்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றேன்.

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். பிறகு சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்ல டீச்சர். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க லா" என்றார்.

நான் சொல்லவே இல்லை. இப்போது மெர்லிமாவ் பக்கம் ஒரு பள்ளியில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பாட்டு, படம் எல்லாம் இன்றும் வைத்துக்கொள்வதுண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் எது தேவையோ, எதற்காக அவர்கள் சண்டை போடவும் தயாரோ, அங்கே கணக்கைத் தொடங்கினால் மீதிப் பாடத்தை அவர்களே நடத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் தன் பிறந்தநாளன்று அந்தப் பிள்ளை, அம்மாவின் கைப்பேசியிலிருந்து எனக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்புகிறாள். தனக்கு நான் பிறந்தநாள் கொண்டாடினேன் என்று அவள் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவே தெரியாது.