பதினெட்டு அடி தள்ளி வந்த வீடு

அந்த இரும்பு முளையைக் கண்டுபிடித்த பாவி நான்தான். ஆகவே லியோனாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய கடமையும் என் தலையில்தான் விழுகிறது.

எங்கள் ஹாட்லி முனை மெய்ன் மாநிலத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. மாவட்டம் முழுக்கவே விரிகுடாக்கள் அதிகம், ஆட்கள் குறைவு. மாவட்டத் தலைமையூரின் மணிக்கூண்டு என் வீட்டு ஜன்னலிலிருந்தே தெரியும். படகில் போனால் மூன்று மைல், சாலையில் சுற்றிப் போனால் முப்பத்தெட்டு மைல். எங்கள் ஊரில் அறுபத்தொரு பேர். அதில் ஓட்டுப் போடுகிறவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதிபர் தேர்தலில் பாதிப் பேர் ஒரு கட்சி, பாதிப் பேர் இன்னொரு கட்சி. அதற்காக யாரும் சட்டையைப் பிடித்ததில்லை. எந்தச் சாலையில் முதலில் பனி வழிப்பது என்பதற்குத்தான் அடிதடி. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அது ஒன்றுக்கே மூன்று மணி நேரம் போகும்.

இந்த ஊருக்கு எழுத்தர் லியோனா பீல். ஐம்பத்தொன்றாம் ஆண்டு ஒஹையோவிலிருந்து பள்ளிக்கூடம் நடத்த வந்தாள். வந்த இரண்டாம் ஆண்டே சிங்கி இறால் பிடிக்கும் வைனல் பீலைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை மூடியதும், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஊர் அவளை எழுத்தராக்கியது. பிறப்பு, இறப்பு, கல்யாணம், நாய்க்கு உரிமம், மட்டி தோண்ட உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாம் அவள் சமையலறை மேசையில்தான். நாய் உரிமம் வாங்கப் போனால் நாய்க்கு ஒரு பிஸ்கட், நமக்கு ஒரு காப்பி, கூடவே ஒரு திட்டும் கிடைக்கும். திட்டு எதற்கென்றால், வழக்கம்போலக் கடைசித் தேதிக்கு மறுநாள் போயிருப்போம்.

வைனல் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளாகிவிட்டன. அவன் கட்டிய இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். இத்தனை காலம் இருந்தும் எங்களுக்கு அவள் வெளியூர்க்காரிதான். இந்தக் கரையில் அது அப்படித்தான். இங்கே பிறக்காவிட்டால் அந்தப் பேர் போகாது. என் சித்தப்பா மகன் ஆரின் லுக், ஊர் நிர்வாகிகள் மூன்று பேரில் முதல்வன் (நானும் அதில் ஒருவன்), வாரத்துக்கு ஒரு தடவையாவது, "உங்க ஊர்ல இத எப்படிச் செய்வீங்க?" என்று அவளைச் சீண்டாமல் இருக்க மாட்டான். அவளும் சிரித்துக்கொண்டே, "எங்க ஊர்ல யோசிச்சிட்டுச் செய்வோம்" என்பாள்.

எண்பத்து மூன்று நவம்பரில் எல்லை நடைக்கு முறை வந்தது. பத்து ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் ஊர் நிர்வாகிகளும் பக்கத்து எல்ம்ஸ்பரி நிர்வாகிகளும் சேர்ந்து பொது எல்லையை நடந்து பார்த்து, அடையாளக் கற்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்கள் முன்னோர் இதை ஒரு நேர்த்தியான வழக்கமாக ஆக்கி வைத்திருந்தார்கள். காட்டு முனையிலிருந்து நடப்பார்கள். பாதி வழியில் ஒரு பெரிய பாறை. அங்கே எல்ம்ஸ்பரிக்காரர்கள் ரம் புட்டியைத் திறப்பார்கள். புட்டி காலியானதும், மிச்சம் இருக்கும் அரை மைலுக்கு ஓடைதான் எல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு வீட்டுக்குப் போவார்கள். எத்தனை தலைமுறையாக இப்படி என்று தெரியவில்லை. ஊர் எல்லையின் மூல ஆவணத்தில் ஓடை என்று ஒரு வார்த்தை கிடையாது என்பது மட்டும் பின்னால் தெரிந்தது.

இந்த முறை எல்ம்ஸ்பரியிலிருந்து வந்தவர் கிளிஃப்டன் மெரிட். நல்ல மனிதர், ஆனால் குடிப்பதில்லை. பாறை வந்தது. ஆரின் ஆவலோடு அவர் பையைப் பார்த்தான். அவர் ஆப்பிள் எடுத்துக் கொடுத்தார். ஆப்பிளைத் தின்றுவிட்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? நடந்தோம். கடற்கரைக்குச் சற்று முன்னால் ஒரு கல்லில் என் பூட்ஸ் வழுக்கிப் பாசி பெயர்ந்தது. அடியில் துருப்பிடித்த இரும்பு முளை, பக்கத்தில் இரண்டு ஊர்களின் முதலெழுத்துகள். அங்கிருந்து கடலுக்குக் கோடு பிடித்தால், அது ஓடைக்கு வெகு இப்பால், வைனல் கட்டிய வீட்டின் வாசற்படியோரமாகப் போனது. வாசற்படி ஹாட்லி முனை. அடுப்பு, மேசை, கட்டில் எல்லாம் எல்ம்ஸ்பரி.

"பாசிய இருந்த மாதிரியே மூடி வை" என்று ஆரின் என் காதில் சொன்னான். மூடியிருப்பேன். ஆனால் கிளிஃப்டன் அதற்குள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், எல்லை நடை அறிக்கையைப் பேரேட்டில் ஏற்ற வேண்டியது ஊர் எழுத்தர். எங்கள் கிறுக்கலை வாங்கி லியோனாவே நகலெடுத்தாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அந்த வரியையும் பிசிறில்லாமல் எழுதி முடித்தாள்.

மறுநாள் காலை ஆரின் வீட்டு வாசலில் ஒரு உருளைக்கிழங்குப் பெட்டி இருந்தது. உள்ளே பேரேடுகள், ஊர் முத்திரை, நாய்களின் கழுத்தில் மாட்டும் உரிம வில்லைகள், வாக்காளர் பட்டியல். பட்டியலில் தன் பெயரைத் தானே சிவப்பு மையால் அடித்திருந்தாள். ஒருவர் எங்கே படுத்து உறங்குகிறாரோ அதுதான் அவர் ஊர் என்பது விதி. அந்த விதியை இருபத்தேழு ஆண்டுகளாக எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். நாங்கள் மூன்று பேரும் போய்க் கெஞ்சினோம். யாருக்கும் தெரியாது, இப்படியே இருந்துவிடலாம் என்றோம். "எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டாள். காப்பியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அந்தக் குளிர்காலம் ஆரின்தான் எழுத்தர். செய்தி பரவிய உடனே அவன் கிளப்பிய முதல் சந்தேகம், இத்தனை ஆண்டுகளாக எங்கள் கல்யாணங்கள் எல்லாம் வெளியூர்ச் சமையலறையில் பதிவாகியிருக்கின்றனவே, அவை செல்லுமா என்பது. அதைக் கொஞ்சம் ஆசையோடு கேட்டான். அவன் மனைவி வெல்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. "செல்லாதுன்னா வீடும் எனக்கு, படகும் எனக்கு. யோசிச்சுக் கேளு" என்றாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் வேறு வேலைகள் செய்தான். யாரோ ஒருவரின் வேட்டை நாயைப் பிறப்புப் பேரேட்டில் ஏற்றினான். தந்தை பெயர் கட்டத்தையும் விடாமல் நிரப்பியிருந்தான்.

இதற்கிடையில் எல்ம்ஸ்பரியில் எழுத்தர் ஓய்வு பெறப் போவதாகவும், லியோனா வந்தால் அந்த வேலை அவளுக்கே என்றும் கிளிஃப்டன் சொல்லிவிட்டுப் போனார். தொள்ளாயிரம் பேர் உள்ள ஊர். தனி அலுவலகம், வெந்நீர்க் குழாய் எல்லாம் உண்டு. நான் அவளிடம் போய், போகப் போகிறாயா என்று கேட்டேன். "அங்க எனக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது, ஹார்லன்" என்றாள்.

பிப்ரவரியில் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை பீன்ஸ் விருந்து. லியோனா வழக்கம்போலத் தன் பீன்ஸ் பானையோடு வந்து கடைசி மேசையில், விருந்தாளிகள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் வெல்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கோட்ட நகத்த முடியாதுன்னா வீட்ட நகத்துங்க" என்றாள்.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏன் யாருக்கும் தோன்றவில்லை? எங்கள் பக்கத்தில் வீட்டை நகர்த்துவது புதிதல்ல. அந்தத் தேவாலயமே முன்பு குடாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. லியோனாவின் வீட்டுக்கு நிலவறை கிடையாது. கருங்கல் தூண்கள் மேல் நிற்கிறது. தரை உறைந்து கல்லாக இருக்கிறது. வாசலுக்கு எதிரே வைனலின் வலைக் கொட்டகை இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. பதினெட்டு அடி இழுத்தால் கட்டில் இந்தப் பக்கம் வந்துவிடும். யாரிடம் எத்தனை ஜாக்கி இருக்கிறது என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

லியோனா எழுந்து நின்றாள். வேண்டாம் என்றாள். முகம் சிவந்திருந்தது. அவள் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"வேற யாரும் இந்த வேலைக்கு வர மாட்டாங்க. அதுக்காக என் வீட்ட இழுக்கப் போறீங்க. அதுதானே?"

அதில் பாதி உண்மை இருந்தது. எழுத்தர் இல்லாவிட்டால் ஊர் நிர்வாகத்தைக் கலைத்து மாவட்டத்திடம் ஒப்படைக்க வேண்டியதுதான். நாய்ப் பிறப்பு விவகாரத்துக்குப் பிறகு எல்லாருக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஆரின் மெதுவாக எழுந்தான். இந்த மனிதன் கேலி இல்லாமல் பேசியதை நான் வாழ்க்கையில் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன். முதல் தடவை அவன் அம்மா இறந்தபோது.

"வேலைய நானே பாத்துக்கறேன். சாகற வரைக்கும் பாக்கறேன். நீ ஒரு எழுத்து எழுத வேணாம். ஆனா எங்க ஊர்ல இரு."

லியோனா தட்டை எடுத்துக்கொண்டு வந்து வெல்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த சனிக்கிழமை இழுத்தோம். இரண்டு டிராக்டர்கள், பனி வழிக்கும் லாரி, பதினாறு ஜாக்கிகள், மீன் எண்ணெய் தடவிய நீளமான உத்தரங்கள். எல்ம்ஸ்பரியிலிருந்தும் ஒன்பது பேர் வந்தார்கள். முன்னால் கிளிஃப்டன். எல்ம்ஸ்பரி ஆளை எல்ம்ஸ்பரிக்காரர்களே இழுத்துக் கொடுக்கிறோம், இப்படி ஒரு நிர்வாகி எங்காவது உண்டா என்று சொல்லிக்கொண்டே அவர்தான் அதிகம் இழுத்தார். லியோனா வீட்டுக்குள்ளேயே இருந்து அலமாரிக் கதவுகளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கோப்பைகூட உடையவில்லை. கைப்பம்பு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இன்றும் அவள் வெளியூரிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவருகிறாள்.

மார்ச் முதல் திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். காலையிலேயே ஆரின் அவள் பெயரைப் பட்டியலில் திரும்ப எழுதினான், எழுத்துப் பிழையோடு. எழுத்தர் தேர்வு வந்தபோது ஆரின் பெயரை முன்மொழிந்தார்கள், சொன்ன சொல்லுக்காக அவனும் மறுக்கவில்லை. வெல்மா சட்டென்று எழுந்து லியோனா பெயரைச் சொன்னாள். லியோனா தரையைப் பார்த்தபடி, முடியாது என்று சொல்லாமல் இருந்தாள்.

ஓட்டு என்றால் ஒரு துண்டுச் சீட்டு, ஒரு பென்சில். சீட்டுகளை எண்ணும் வேலை எனக்கு. பல ஆண்டுகளாக நான்தான் எண்ணுகிறேன். ஒவ்வொரு முறையும் லியோனாவுக்கு ஒரு ஓட்டு குறையும். அந்த ஒரு சீட்டில், டீச்சர் கையெழுத்தில், உருண்டையாக, வெல்மாவின் பெயர் இருக்கும். தன் பெயரைத் தானே எழுத அவளுக்குக் கூச்சம். வெளியூரிலிருந்து வந்தவள் எங்கள் ஊரில் தனக்குத்தானே ஓட்டுப் போடுவதாவது என்று நினைத்திருப்பாள். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.

சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். லியோனா, லியோனா, லியோனா. ஆரினின் சீட்டிலும் அவள்தான். அவன் எழுத்தை அறியாதவர்கள் மாவட்டத்திலேயே கிடையாது. நாற்பத்திரண்டு ஆயிற்று. கடைசிச் சீட்டு நாலாக மடித்திருந்தது. பிரித்தேன். டீச்சர் கையெழுத்து, உருண்டையாக, பென்சில் கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு, "லியோனா பீல்" என்று படித்தேன்.